அடுத்த தாளில் உன் பெயர்

சதாசிவம் மிதந்துகொண்டிருந்தான்.

குப்புற... இரண்டு கைகளையும் விரித்தபடி... ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட குட்டையின் பச்சைத் தண்ணீரில்.

முதலில் பார்த்தது வாத்து வளர்க்கும் சீனக் கிழவர். வாத்துகள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றனவே என்று கரையோரம் வந்தவர், தவிட்டு வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

ஊர் பசியாறி முடிப்பதற்குள் சிலிபின் வட்டாரம் முழுக்கச் சேதி பரவிவிட்டது.

'என் பாட்டுக்கு' சதாசிவம் செத்துப்போய்விட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. மலேசியாவின் ஈப்போவில் அந்தப் பெயரைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. அவன் மந்திரி இல்லை. பாட்டுக்காரன் இல்லை. டயர் பட்டறை ஒன்றின் ஸ்டோரில் வேலை. ஆனால் மாதம் இரண்டு முறை ஒரே ஒரு தாள் போடுவான். இரண்டு பக்கம். தமிழ் டைப்ரைட்டரில் அடித்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றி எடுத்தது. விலை கிடையாது. முடிவெட்டும் கடையில் இருக்கும், கோயிலில் இருக்கும், பஸ் கண்டக்டர்கள் கையில் தெலுக் இந்தான் வரைக்கும் போகும்.

தாளின் பெயர், 'என் பாட்டுக்கு'.

அதில் தலைவர் பேச்சு இருக்காது. சினிமாக்காரி படம் இருக்காது. சதாசிவம்தான் இருப்பான். கருவாடு கருகிப்போன கதை. பக்கத்து வீட்டு நாய் அவனை மட்டும் பார்த்துக் குரைப்பது ஏன் என்ற ஆராய்ச்சி. தான் பிறந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்ற பிறகு, லயத்து வீட்டுக் கதவு ஒன்று சாப்பாட்டுக் கடையில் மேசையாகக் கிடப்பதைப் பார்த்த அன்று சாப்பிடாமலே திரும்பி வந்தது...

படித்தவர்கள் சிரித்தார்கள். சிலர் மடித்து வைத்துக்கொண்டார்கள்.

போலீஸ் அவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தது. சம்சு. மலிவான சாராயம். தண்ணீரில் ஊறியும் சட்டையில் அந்த வாடை.

குடிபோதையில் கால் தவறி விழுந்தார்... எழுதி முடித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நவமணி நின்றாள். சதாசிவத்தின் தங்கை. கல்யாணம் ஆகாதவள். டவுனில் தட்டச்சுப் பள்ளி நடத்துகிறவள். அண்ணன் கையால் எழுதிக் கொடுப்பதை அடித்து, சுற்றி, அடுக்கித் தருவது அவள்தான்.

அழவில்லை. இன்ஸ்பெக்டர் பத்துமலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் குடிக்காது சார்."

"தெரியும் டீச்சர்."

அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு கிளாஸ் பீர் குடிச்சிட்டு மூணு நாளு ஒடம்பெல்லாம் சொறிஞ்சிக்கிட்டுக் கெடந்தேன்னு எழுதியிருந்தாரே... நானும் படிச்சேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரிச்சோம்."

"அப்ப..."

"அத ஆதாரமா வெச்சி நான் யாரப் புடிக்கிறது? மேல உள்ளவங்க ஃபைல மூடச் சொல்லிட்டாங்க. அடிபட்ட காயமில்ல, பாத்த ஆள் இல்ல, பகையாளியும் இல்ல. ஒங்கண்ணனுக்கு எதிரின்னு பக்கத்து வீட்டு நாயத் தவிர வேற யாரு இருந்தா, சொல்லுங்க."

அவள் உடலை வாங்கிக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

சாவு வீட்டு வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுச் செய்தவர் மண்டோர் அர்ச்சுனன். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு காலத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர். தோட்டம் போனபின் சிலிபினுக்கு வந்து, செம்பனைத் தோட்டங்களில் களை கருக்கும் புல் மருந்து அடிக்கும் குத்தகை எடுத்துப் பெரிய ஆளாகிவிட்டவர். சொந்த வேன். கோயில் கமிட்டி. கக்கத்தில் எப்போதும் மடித்த பேப்பர். மனைவி இருளாயி விஷம் குடித்துச் செத்து இரண்டு வருடம். பாவம், தனியாளாய்க் கஷ்டப்படுகிறாரே என்று ஊரே அவருக்காக இரக்கப்பட்டது. இப்போது தெலுக் இந்தானில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது.

பாடைக்கு மூங்கில் வாங்கியது அவர். பந்தல் போட்டது அவர். நவமணியின் தோளைத் தொட்டு, ஏதாச்சும் வேணும்னா அண்ணனக் கூப்பிடு தாயி என்று கண் கலங்கியதும் அவர்.

காரியம் முடிந்தது.

நவமணி வீட்டில் உட்கார்ந்து அண்ணன் சட்டைகளை மடித்தாள். மடித்ததை உதறிவிட்டு மறுபடி மடித்தாள். அவன் ஒருமுறை சொன்னது நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. எதுக்குண்ணே இந்த வெட்டி வேலை, யார் படிக்கப் போறா என்று அவள் சலித்துக்கொண்ட நாளில் சொன்னது.

"நம்ம அப்பா சாகுற வரைக்கும் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனாரு. செத்த அன்னிக்கு கூலிக் கணக்கு செக்ரோல்ல பேர அடிச்சிட்டாங்க. முடிஞ்சிச்சி. அந்த மனுசன் மனசுல என்ன நெனச்சாரு, எதுக்குச் சிரிச்சாரு... யாருக்காச்சும் தெரியுமா? பெத்த பிள்ள எனக்கே தெரியாது. நான் அப்படிப் போக மாட்டேன் நவமணி. என் பாட்டுக்கு எதையாச்சும் எழுதிட்டுத்தான் போவேன்."

போய்விட்டான்.

குடிகாரன் என்ற பெயரோடு.

அவளுக்கு அழுகை வரவில்லை. வேறு ஒன்று வந்தது. கோபம்.

எழுந்தாள். பள்ளிக்குப் போனாள். டைப்ரைட்டரின் உறையை உருவினாள்.

அந்த வாரம் 'என் பாட்டுக்கு' வெளிவந்தது!

ஈப்போ திடுக்கிட்டது. செத்தவன் தாள் எப்படி வந்தது? கையில் எடுத்தவர்களின் கண் அகன்றது. பக்கம் முழுக்க வெற்று வெள்ளை. நடுவில் நான்கே வரிகள்.

'என் அண்ணன் குடித்துவிட்டு விழவில்லை.
தள்ளினார்கள்.
தள்ளியது யாரென்று எனக்குத் தெரியும்.
அடுத்த தாளில் உன் பெயர்.'

இன்ஸ்பெக்டர் பத்துமலை தாளோடு மாடிப்படி ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாரு டீச்சர் அது?"

"தெரியாது சார்."

"வெளையாடாதீங்க. தெரியும்னு போட்டிருக்கீங்க."

"எனக்குத் தெரியாது. செஞ்சவனுக்குத் தெரியும்லா... அவன் வருவான்."

பத்துமலை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வந்தால் உங்களையும் அல்லவா குட்டையில் போடுவான் என்று கோபப்பட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வரட்டும் என்று அதற்கு அர்த்தம். மூடிய கேசுக்கு ஆள் காவல் போட மேலிடம் விடாது என்று சொன்னார். கடைசியில் தன் டெலிபோன் நம்பரை எழுதி அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார்.

முதலில் வந்தவர் முத்தப்பன்.

ஜவுளிக்கடை முதலாளி. காரைக்குடிப் பக்கத்துப் பரம்பரை. கோயில் மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் தன் பெயரை எழுதி வைத்தவர். விசிறி சுற்றும்போது பெயரைப் படிக்க முடியவில்லை, அதனால் முதலாளி வந்தால் நிறுத்திவிடுகிறார்கள், வேர்க்கிறது என்று சதாசிவம் ஒருமுறை எழுதியிருந்தான்.

வேர்த்துக்கொண்டுதான் வந்தார்.

"எம் பேரப் போட்டுராத ஆத்தா..."

நவமணியின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தன. இவரா?

"கோயில்ல வெச்சிருந்த தாளெல்லாம் நாந்தான் எடுத்தேன். கட்டுக் கட்டா. கடையில சாமான் சுத்தி முடிச்சிட்டேன். கோவம்... ஆனா சத்தியமா அவ்வளவுதான். ஆள்மேல கை வெக்கல."

 அவள் அவரைப் போகச் சொன்னாள்.

அடுத்து வந்தவர் சின்னையா. முடிவெட்டும் கடைக்காரர். 'என் பாட்டுக்கு' வந்ததும் கடையில் யாராவது ஒருவர் உரக்கப் படிக்க, கேட்பதற்கென்றே ஆட்கள் வந்து உட்காருவார்கள். சின்னையா கதவோரம் நின்று காலால் தரையைத் தேய்த்தார். புந்தோங்கில் ஒரு விதவைப் பெண்ணிடம், அந்தத் தாளை எழுதுவது தான்தான், பெயரை மாற்றிப் போடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். அவளும் நம்பிக் கோழிக்கறி ஆக்கிப் போட்டாளாம். சதாசிவம் செத்த சேதி வந்ததும், நீங்க எப்படி உசிரோட இருக்கீங்க என்று கேட்டு விரட்டிவிட்டாளாம்.

அன்றைக்குத்தான் அண்ணன் செத்த பிறகு முதல் தடவையாக நவமணிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது. சின்னையா பதறிப்போய், தன் பெயரைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஊரில் இத்தனை பேருக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது.

ஆனால் வரவேண்டியவன் வரவில்லை.

அடுத்த தாள் வர வேண்டிய நாளுக்கு முந்தைய நாள்... நடுப்பகல். மாணவிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். உறை மூடிய டைப்ரைட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கீழே தெருவில் ஐஸ்காரன் மணி.

படியில் காலடி.

மண்டோர் அர்ச்சுனன் உள்ளே வந்தார். சாப்பிட்டியா தாயி என்று விசாரித்தார். திரும்பினார். கதவைச் சாத்தினார்.

தாழ்ப்பாளைப் போட்டார்.

பையிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்தது சோடா இல்லை. கரும்பச்சையாய்... கெட்டியாய். மூடி இருந்தும் வாடை மூக்கில் ஏறியது.

புல் மருந்து.

"அண்ணன் போன துக்கத்துல தங்கச்சியும் மருந்தக் குடிச்சிட்டான்னா ஊரு நம்பும். நம்பும்லா?"

குரலில் அதே பாசம். அதுதான் பயங்கரமாக இருந்தது.

நவமணி அவர் கையைப் பார்த்தாள். பாடை கட்டிய கை. தோளைத் தொட்ட கை. அந்தக் கைதானா...

"ஒரு கேள்விதான் நவமணி. நெசத்தச் சொல்லு. சோடா பாட்டில் கத ஒங்கண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி? எவன் சொன்னான்?"

"எந்த... சோடா பாட்டில்ண்ணே?"

"அவனும் இப்படித்தான் கேட்டான்."

அர்ச்சுனன் கண்ணை மூடினார். மனப்பாடமாக ஒப்பித்தார்.

"'புல் மருந்தைச் சோடா பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். யாருக்காக ஊற்றி வைத்தீர்கள் என்று ஊர் கேட்கும்.' போன மாசம் சின்னையா கடையில வாசிச்சாங்க. எல்லாரும் சிரிச்சானுங்க. எனக்கு மட்டும் நெஞ்சு நின்னு போச்சி. இருளாயி அடுப்பங்கரையில அந்த பாட்டில நான் வெச்சது... எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். அவளும் போயிட்டா. அப்புறம் இவன் எப்படி எழுதுனான்?"



இருளாயி தானாகக் குடிக்கவில்லை. இவன் கொடுத்தான்.

அது ஒரு இடி. அதைவிடப் பெரிய இடி ஒன்று பின்னாலேயே வந்தது.

அந்த இரண்டு வரிகளைச் சதாசிவம் எழுதவில்லை!

ஸ்டென்சில் என்னும் மெழுகுத் தாளில் அண்ணன் எழுதியது முடிந்து அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். வெறுமனே விட்டால் பார்க்க நன்றாக இருக்காது. அவளே எதையாவது இரண்டு வரி அடித்து நிரப்பிவிடுவாள். பால் பொங்காமல் காய்ச்சுவது எப்படி. குடை வாங்க எந்த மாதம் நல்லது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு நோட்டீஸ் மேசையில் கிடந்தது. விஷ மருந்துகளைக் குடிக்கிற பாட்டில்களில் வைக்காதீர். அதைப் பார்த்துத்தான்... கொஞ்சம் வேடிக்கையாக இருக்கட்டுமே என்று...

அவள் அடித்தாள். அவன் செத்தான்.

 அந்த பாட்டிலைத் தானே எடுத்துக் குடித்துவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

அடுத்த நொடி அது போய்விட்டது.

இவன் இருக்கும்போது நான் ஏன் சாக வேண்டும்?

"யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாதுண்ணே," என்றாள். குரல் நடுங்கியது. நடுக்கம் நிஜம்தான். "எனக்குப் பயமா இருக்கு. நான் என்ன செய்யணும்?"

அர்ச்சுனன் திருப்தியாகத் தலையசைத்தார். நாளைக்கு வர வேண்டிய தாள் இப்போதே வர வேண்டும். அண்ணன் குடித்துவிட்டுத்தான் விழுந்தான், முன்னால் எழுதியது துக்கத்தில் உளறியது, யார் மேலும் சந்தேகம் இல்லை... அவர் சொல்லச் சொல்ல அவள் அடிக்க வேண்டும்.

"சுத்தி முடிச்சதும் அம்புட்டையும் நானே எடுத்துட்டுப் போவேன். எங்கையாலயே குடுப்பேன். ஒரு தாளுகூட ஒன்கிட்ட இருக்கக் கூடாது. அப்புறம் நீ ஒம் பொழப்பப் பாரு. வாயத் தொறந்தா... இந்த பாட்டில் எங்கிட்டதான் இருக்கு."

முதலில் சாதாரணத் தாளில் அடித்துக் காட்டுகிறேன், சரி பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். நேரம் போக்கத்தான். அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் அடித்தாள். மேசைமேல் வைத்தாள். கண் பாட்டில் மேலேயே இருந்தது. எடுத்து நீட்டினாள்.

அர்ச்சுனன் வாங்கினார். புருவத்தைச் சுருக்கினார். கண் மேலிருந்து கீழே இறங்கியது. உதட்டைக்கூட லேசாக அசைத்தார்.

"சரியாத்தான் இருக்கு. மெழுகுத் தாள்ல அடி."

திருப்பிக் கொடுத்தார்.

நவமணி அதைப் பார்த்தாள்.

யளனக யளனக யளனக யளனக...

நேற்றுச் சேர்ந்த பெண் விரல் பழகிய தாள்! பதற்றத்தில் மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

இவனுக்குப் படிக்கத் தெரியாது.

கக்கத்துப் பேப்பர், கமிட்டி, கம்பீரம்... எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எழுத்துகூட இல்லை. 'என் பாட்டுக்கு' முழுவதையும் இவன் காதால்தான் படித்திருக்கிறான்.



நீல மெழுகுத் தாளை உருளையில் ஏற்றினாள். ரிப்பனைத் தள்ளிவிட்டாள். ரிப்பன் இல்லாமல் அச்சு நேராக மெழுகில் வெட்டும். பெயர் போடலாமா என்று யோசித்தாள். கூடாது. எழுத்துத் தெரியாதவனுக்கும் தன் பெயரின் உருவம் தெரிந்திருக்கும். கோயில் ரசீதுகளில் கையெழுத்துப் போடுகிற ஆள்.

பெயர் இல்லாமல் முதல் வரியை அடித்தாள். 

"எங்கண்ணன் கடைசியா என்ன சொன்னிச்சிண்ணே?" என்று கேட்டாள், அடித்துக்கொண்டே. "அது மட்டும் தெரிஞ்சா போதும். மனசு ஆறிடும்."

அர்ச்சுனனுக்கு இரண்டு வருடம் யாரிடமும் பேசாத வாய். அவளைத்தான் கைக்குள் போட்டாகிவிட்டதே...

சொன்னார். சாயங்காலம் குட்டைப் பக்கம் பேசலாம் வா என்று கூப்பிட்டது. கரையில் நின்று பாட்டிலைப் பற்றிக் கேட்டது. சதாசிவம் புரியாமல் எந்த பாட்டில் என்று கேட்டது. கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தியது. அடங்கும் வரை அழுத்தியது. பிறகு சம்சுவை அவன் சட்டையில் ஊற்றி, பாட்டிலைப் பையில் செருகியது. அதற்கு முந்திய கதையும் வந்தது. இருளாயிக்கு இவர் தெலுக் இந்தான் போய் வருவது தெரிந்துவிட்டது. அவள் வாய் ஓயவில்லை. ஒருநாள் வெயிலில் வேலை முடித்து வந்து தாகத்துக்குச் சோடா கேட்டாள்...

டக்... டக்... டக்... நவமணி இரண்டாவது மெழுகுத் தாளையும் ஏற்றி அடித்துக்கொண்டே இருந்தாள்.

அவர் திடீரென்று நிறுத்தினார். "இப்ப என்ன அடிக்கிற?"

அவள் தலை நிமிரவில்லை.

"நீங்க சொன்னதத்தாண்ணே."

மெஷினின் கைப்பிடியை அவரே சுற்றினார். அவளை நம்பவில்லை. தாள்கள் சரக் சரக்கென்று வந்து விழுந்தன. மை அவர் விரலெல்லாம் அப்பியது. சட்டைக் கையில் தீற்றியது. பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு. கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாட்டிலைப் பைக்குள் போட்டு, ஸ்டென்சில்கள் இரண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தார். மாணவிகள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். டீச்சருக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்குங்கம்மா என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நவமணி மேசைக் கண்ணாடியைத் தூக்கினாள். டெலிபோனைச் சுழற்றினாள்.

"சார், சின்னையா அண்ணன் கடைக்கு வாங்க. முடி வெட்ட இல்ல."

அவன் அங்கேதான் போவான். அவளுக்குத் தெரியும். தாளில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டுமே.

சின்னையா கடையில் நல்ல கூட்டம். அர்ச்சுனன் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு தாளாகக் கொடுத்தார். நாற்காலியில் சாய்ந்தார். துண்டைக் கட்டச் சொன்னார். முகத்தில் சோப்பு நுரை ஏறியது.

"பாவம்பா அந்தப் பொண்ணு. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கு. சத்தமா வாசிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

பெஞ்சில் இருந்த தபால்காரர் தொண்டையைச் செருமினார். வாசித்தார்.

"'இந்தத் தாளை இப்போது உங்கள் கையில் கொடுத்தவர்தான்... என் அண்ணனைக் கொன்றவர்.'"

ரேடியோ மட்டும் பாடியது. யாரோ அதையும் அணைத்தார்கள்.

அர்ச்சுனனின் தொண்டைமேல் சவரக்கத்தி நின்றுகொண்டிருந்தது. பிடித்திருந்த சின்னையாவின் கை கல்லாய் இருந்தது. கண் மட்டும் வாசலுக்குப் போனது.

நவமணி வந்து நின்றாள். மூச்சு வாங்கிற்று.

"தங்கச்சி," என்றார் சின்னையா. குரல் கம்மியிருந்தது. "நெசமா? நீ ஒரு வார்த்த சொல்லு..."

ஒரு வார்த்தை போதும். ஒரு தலையசைப்புப் போதும். நுரைக்கு மேலே அந்த இரண்டு கண்கள் அவளையே பார்த்தன. அந்தக் கண்களில் அவள் பார்க்க ஆசைப்பட்டது இருந்தது. பயம். அவள் அதை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்ண்ணே," என்றாள். "முழுசாக் கேக்கட்டும். இன்னும் ரெண்டாம் பக்கம் இருக்கு."

தபால்காரர் படித்தார். குட்டைக் கரை. கழுத்து. சம்சு. இருளாயியின் தாகம்.  அர்ச்சுனன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஒரு பெண் அடித்த தாள்தானே. ஆதாரமா? மறுத்துவிடலாம். அந்தத் தெம்பு மெல்ல மெல்ல முகத்துக்குத் திரும்பி வந்தது.

"'... என் அண்ணன் இவர் காலில் விழுந்து, உயிர்ப்பிச்சை கேட்டு அழுதார்...'"

"பொய்!"

அர்ச்சுனன் கத்தியைத் தட்டிவிட்டு எழுந்தார். மை படிந்த விரலை அவள் பக்கம் நீட்டினார்.

"அவன் எங்கடி அழுதான்? எங்க கால்ல விழுந்தான்? எந்த பாட்டிலுண்ணேன்னு கேட்டுச் சிரிச்சான்லா! தண்ணிக்குள்ள அமுக்குற வரைக்கும் சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தான்... நான் சொல்லாதத எதுக்கு அடிச்ச?"

சொல்லி முடித்த பிறகுதான் கடை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அவருக்குக் கேட்டது.

நவமணிக்குப் பின்னால் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் பத்துமலை ஒரு அடி முன்னால் வந்தார்.

"மத்ததெல்லாம் நீங்க சொன்னதுதான், இல்லையா மண்டோர்?"

பையில் பாட்டில் இருந்தது. விரலில் மை இருந்தது. காதால் கேட்ட சாட்சிகள் பெஞ்ச் நிறைய இருந்தார்கள்.

விலங்கு மாட்டி வெளியே கொண்டு போகும்போது நவமணி குறுக்கே வந்து நின்றாள். பத்துமலை தடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்ண்ணே. அந்த ரெண்டு வரி எங்கண்ணன் எழுதல. நான் அடிச்சது. ஒங்களப் பத்தி எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாது. அடியில எடம் காலியா இருந்துச்சி... அதான்."

    ஒரு பக்கம் மழித்து, மறுபக்கம் நுரை காய்ந்துபோன முகத்தோடு அர்ச்சுனன் போலீஸ் வேனில் ஏறுவதைத் தெரு நின்று பார்த்தது.

நவமணி கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் முழுசாக அழுதாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான்... கடைசி வரைக்கும். அதை நினைத்து அழுதாள். தன் இரண்டு வரியை நினைத்தும் அழுதாள். சின்னையா பக்கத்தில் நின்று துண்டை நீட்டினார். 

சொந்த ஊரான ஆயர் தாவாரில் இருந்த இருளாயியின் புதைகுழியைத் தோண்டினார்கள். டாக்டர் அறிக்கை வந்தது. தெலுக் இந்தான் பெண் வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். சதாசிவத்தின் ஃபைலில் குடிபோதை என்ற வார்த்தையை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதினார்கள். அர்ச்சுனன் வழக்கு முடியும்வரை உள்ளேயே இருக்கும்படி ஆயிற்று.

ஒரு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் பத்துமலை மறுபடியும் மாடிப்படி ஏறி வந்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றார். முடியவில்லை.

"புதுத் தொல்லை டீச்சர். கோலாலம்பூர்லேருந்து ஒரு பெரியவர் கேக்கிறாரு. பெர்மிட் இல்லாம பத்திரிகை போட்டிருக்காங்க, ஆக்சன் எடுக்கணுமாம். அந்தக் கடைசித் தாளுக்கு யாரு ஆசிரியர், யாரு அச்சடிச்சது, யாரு வினியோகம் பண்ணதுன்னு பேர் வேணுமாம். நான் என்ன எழுதட்டும்?"

நவமணி டைப்ரைட்டரில் புதுத் தாள் ஏற்றினாள்.

"சொன்னது, சுத்துனது, ஊருக்குக் குடுத்தது, மூணுமே ஒங்க லாக்கப்புல இருக்கிறவருதான் சார். நான் வெறும் டைப்பிஸ்ட்."